இன்பராஜோட காலு

அந்த ஜன்னலோரத்த எனக்குக் குடுத்துரு கண்ணு. நீ இப்படி வா, என்ற வலது கைப் பக்கமா உக்காரு. எங்க போனாலும் பேசறவங்கள வலது கைப் பக்கம்தான் உக்கார வெப்பேன், அது ஒரு பழக்கம். காதுல சொருகியிருக்கறதக் கழட்டு. பாட்டா கேக்கற? என்ன பாட்டு? சரி, எதுவா இருந்தா என்ன. பாடறவன் பேரு உனக்குத் தெரியும். ட்ரம் அடிக்கறது யாருன்னு கேட்டா முழிப்ப. தெரியாதுல்ல? அதான். பின்னாடி இருட்டுல உக்காந்து சாகற சாதி அது. எனக்குத் தெரியும், ஏன்னா நான் ட்ரம்ஸ் வாசிச்சவ.

சிரிக்காத. இந்தக் கை இப்பத்தான் முருங்கக்கா மாதிரி இருக்கு.

இந்தா, இத வாயில போடு. பெப்பர்மிண்ட். கல்லாறு தாண்டுனா பஸ்சு மலை ஏறும், வளைவு ஆரம்பிச்சுரும், காது கப்புன்னு அடைச்சுக்கும். சப்பிக்கிட்டே இருந்தா அடைக்காது. எனக்கு இதச் சொல்லிக் குடுத்தவன் ஒரு அயோக்கியன். அவனத்தான் பாக்கப் போறேன் இப்ப, குன்னூருக்கு. படுத்த படுக்கையா கெடக்கறானாம். இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்றாங்க. அவன் பொண்டாட்டி போன் பண்ணி, "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க"ன்னு சொல்லுச்சாம். போன எடுத்தது மருமக. எனக்குப் போன் ஆகாது, அந்தப் பக்கம் எவன் பேசுனாலும் வாய்க்குள்ள துணிய வெச்சுக்கிட்டு பேசற மாதிரியே இருக்கும். இப்பத்திய போனெல்லாம் அப்படித்தான் தயார் பண்றானுக.

"அத்தை, சீக்காளிகிட்டப் போயி சண்டை கிண்டை போட்டுறாதீங்க"ன்னு மருமக கையெடுத்துக் கும்புடறா. நான் எதுக்கு சண்டை போடறேன்? அவன் வாயால "நான் பண்ணுனது தப்பு எஸ்தர்"னு ஒரு வார்த்தை சொல்லணும். போறதுக்குள்ள சொல்லிட்டுப் போகட்டும். அம்பது வருசத்துக்கு மேல அந்த ஒரு வார்த்தைக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்.

மருமக நல்லவதான், குத்தம் சொல்லப்படாது. ஆனா டிவிய மட்டும் ஊமைப் படம் மாதிரி வெச்சுட்டு உக்காந்திருப்பா. நான் போயி சத்தத்த ஏத்துனா அவ வந்து எறக்குவா. பக்கத்து வீட்டு ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டரு எங்க வீட்டு டிவியிலதான் நியூஸ் கேக்கறாராம், அவரு வீட்ல இருந்துக்கிட்டே. வேணும்னே சொல்றாரு. பையன் என்னடான்னா ஒரு மெஷின வாங்கியாந்து என்ற காதுல மாட்டுனான். அது குய்யோ முய்யோன்னு கத்துச்சு, கழட்டி அரிசி டப்பாவுல போட்டு வெச்சுட்டேன். எங்க விட்டேன்? ஆங், ட்ரம்ஸு.

எங்களுக்குப் போத்தனூர் ரயில்வே காலனி. அப்பா லோகோ ஷெட்டுல பாய்லர் வேலை. உள்ள பூந்து இரும்பு ஆணிய அடிக்கணும், பகல் பூரா டமார் டமார்னு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அப்பாகிட்டக் கத்தித்தான் பேசணும். எங்க வீட்ல எல்லாருக்கும் தொண்டை பெருசு. அம்மா ஜெபம் பண்ணுனாக்கூட தெருமுனைக்குக் கேக்கும்.

நாங்க ரட்சணிய சேனை ஆளுக. வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டுத் தெருத் தெருவா பேண்டு வாசிச்சுப் பிரசங்கம் பண்ணுவாங்களே, அது. சின்னப் புள்ளையில இருந்து எனக்கு ட்ரம்தான். ட்ரம்ம எங்காளுக தரையில போட மாட்டாங்க. யார் காலும் படக்கூடாது. தெரியாம பட்டுட்டாத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும். இத ஞாபகம் வெச்சுக்க, பின்னாடி வரும்.

டெஸ்மண்டுன்னு ஒரு சட்டைக்காரப் பையன் காலனியில இருந்தான். ஆங்கிலோ இந்தியன்னு இப்பச் சொல்றீங்களே, அவங்க. அவன் ஒரு பேண்டு வெச்சிருந்தான், செமஃபோர்ஸுன்னு பேரு. ரயிலுக்குக் கை காட்டுமே, அந்தக் கைகாட்டி மரம். அவன் பாடுவான். சேதுன்னு பீளமேட்டுப் பையன் லீட் கிட்டார். இன்பராஜ் பேஸ் கிட்டார். ட்ரம்ஸ் வாசிச்சவன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிட்டான். டெஸ்மண்ட் தெருவுல நின்னு எங்க பேண்டப் பாத்துட்டு, பிரசங்கம் முடியறதுக்குள்ள எங்கப்பாகிட்ட வந்துட்டான். "அங்கிள், உம்ம பொண்ணு கை கடியாரம் மாதிரி ஓடுது மேன். எனக்குக் குடும்"ங்கறான். அப்பா என்னமோ பொண்ணு கேக்க வந்துட்டான்னு அடிக்கப் போயிட்டாரு.

கடியாரம் மாதிரி. அவன் வாயால சொன்னான் கண்ணு. அதையும் ஞாபகம் வெச்சுக்க.

அம்மா அழுது பொரண்டுச்சு. பேண்ட் போட்டுக்கிட்டு ஆம்பளைங்க கூட ஊர் சுத்தப் போறியா, பிசாசு பாட்டுன்னு. கடைசியில டெஸ்மண்டோட அம்மா எனக்குத் துணைக்கு வர்றதுன்னு முடிவாச்சு. அந்தம்மா வேன்ல முன்னாடி சீட்டுல உக்காந்து ஸ்வெட்டர் பின்னும். நாங்க மேடை ஏறுனா ரெண்டு காதுலயும் பஞ்ச வெச்சுக்கும். மகன் பாடறான், பெத்தவ பஞ்சு வெச்சுக்கறா. வெளங்குமா?

அந்த வருசம் மே மாசம் சீசனுக்கு டெஸ்மண்ட் ஒரு சுத்து ஏற்பாடு பண்ணுனான். வால்பாறை, கொடைக்கானல், கோத்தகிரி, கடைசியா குன்னூர். எல்லாம் எஸ்டேட் தொரைங்க கிளப்பு. வெள்ளைக்காரன் போயிட்டான், கிளப்பு போகல. நம்மாளுகளே கோட்டு மாட்டிக்கிட்டு தொரை ஆயிட்டானுக. குன்னூர் கிளப்புக்கு மெட்ராஸ்ல இருந்து ஒரு பெரிய ஓட்டல்காரரு வர்றதா இருந்துச்சு. அவருக்குப் புடிச்சுப் போச்சுன்னா எங்களுக்கு வருசம் பூரா அந்த ஓட்டல்ல வாசிக்கற வேலை. ஓட்டல் ட்ரம்ஸ்ல ஒரு பொம்பள உக்காந்து நான் கேள்விப்பட்டதே இல்ல. நான்தான் மொதல்ல உக்காரப் போறேன்னு இருந்தேன். எனக்கு வேற கனா கெடையாது கண்ணு. கல்யாணம், நகை, புருசன், எதுவும் இல்ல. அந்த ஸ்டூலு ஒண்ணுதான்.

பர்லியார் வந்துருச்சா? இங்க மங்குஸ்தான் நல்லாருக்கும். எறங்காத எறங்காத, இவன் ஆள விட்டுட்டுப் போயிருவான். ஒருக்கா எங்க வீட்டுக்காரரு இப்படித்தான் பழம் வாங்க எறங்குனாரு. கூட்ஸ் கார்டு அவரு, ஊருக்கே பச்சைக் கொடி காட்டுனவரு. பஸ்சு போயிருச்சு. நான் குன்னூர் போயித்தான் பக்கத்துல ஆளக் காணம்னு பாக்கறேன். பின்னாடியே கத்திக்கிட்டு ஓடி வந்தாராம். அவரு கத்துனா யாருக்குக் கேக்கும்? பூனைக்குட்டிச் சத்தம். நல்ல மனுசன், போயிச் சேந்துட்டாரு.

வால்பாறைக்கு ஏறுனோம். மழைன்னா மழை. சீசன்னு சொன்னவன் வாயில மண்ணப் போட. கால் பூரா அட்டைப்பூச்சி. வேன் பழைய நூல் மில்லு வேனு, ஒவ்வொரு வளைவுலயும் நாங்க எறங்கித் தள்ளணும். நான், சேது, இன்பராஜ். டெஸ்மண்ட் தள்ள மாட்டான், தொண்டை கட்டிக்குமாம். எனக்குன்னு கிளப்புல ரூம் கெடையாது. "லேடி ட்ரம்மர்னு யாரும் எழுதலையே"ன்னுட்டு, ஆயாம்மாங்க படுக்கற எடத்துல ஒரு பாயப் போட்டானுக.

அங்கதான் மொதத் தடவ காது அடைச்சுது. மலை ஏறுனா எல்லாருக்கும் அடைக்கும். எறங்குனாத் தொறந்துக்கும். எனக்கு வலது காது தொறந்துச்சு, இடது காது கொஞ்சம் சோம்பேறி, மெதுவாத் தொறக்கட்டும்னு விட்டுட்டேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டரு ஒருத்தன் பாத்துட்டு, "இனிமே ட்ரம் பக்கம் போகாதம்மா, உள்ள நரம்பு போகுது"ன்னான். கம்பவுண்டரு! வயித்து மருந்து கலக்கறவன்! அவன் சொல்றப்ப இன்பராஜ் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தான். மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு என்னயப் பாத்தான். அன்னைக்கு ஆரம்பிச்சுது அவன் சேட்டை.

மறுநாள் வேன்ல ஏறுனதும் ஒரு பொட்டலம் பெப்பர்மிண்ட்ட நீட்டறான். "சப்பிக்கிட்டே வா எஸ்தர்"ங்கறான். சரி, நல்ல பையன்னு வாங்கிக்கிட்டேன். கொடைக்கானல்ல மேடை ஏறி வாசிக்க ஆரம்பிச்சா, நான் உக்காந்திருக்கற ஸ்டூல் காலு மேல இவன் ஷூ காலத் தூக்கி வெக்கறான். வெச்சு டொக்கு டொக்குன்னு தட்டறான். எனக்கு முதுகெலும்பு வரைக்கும் வருது. ஷூ காலு! ஒரு பொம்பளப்புள்ள உக்காந்திருக்கற ஸ்டூலு மேல! ட்ரம்முக்குப் பக்கத்துல! நான் எந்த வீட்ல வளந்தவ?

மொத நாளு தெரியாம பட்டுருச்சுன்னு நெனைச்சேன். ரெண்டாம் நாளும் வெச்சான். மொறைச்சேன். எடுக்கல. முடிஞ்சதும் போயி, "உங்கொம்மா காலுக்கு வேற எடம் சொல்லித் தரலியா?"ன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு, "எஸ்தர், நல்லா வாசிக்கறே. அப்படியே வாசி"ங்கறான். கேட்டது ஒண்ணு, சொல்றது ஒண்ணு. ஊமக் கோட்டான். ஒரு நாளும் வாயத் தொறந்து எதையும் சொன்னதில்ல அவன். ஸ்வெட்டர் பின்னற கெழவி என்கிட்ட, "அந்தப் பையன் உன்னையே பாத்துக்கிட்டு இருக்கான்டி"ன்னுச்சு. பாக்கட்டும், கால எதுக்கு வெக்கணும்?

அதுல இன்னொன்னு கேளு. எங்க பாட்டுல எல்லாம் கட்டுன்னு ஒண்ணு வரும். எல்லாரும் ஒரே வெட்டா நிறுத்தணும். ஒரு மூச்சு விடற நேரம் சத்தமே இருக்கக்கூடாது. அப்பறம் ட்ரம்தான் திருப்பி எடுத்துக் குடுக்கணும். ஜனம் அதுக்குத்தான் கத்தும். அந்தக் கட்டு வர்ற எடத்துல மட்டும் இவன் காலு ஸ்டூல அமுக்கிப் புடிச்சு நின்னுக்கும். மூச்சு முடிஞ்சதும் திரும்ப டொக்கு. எவ்வளவு திட்டம் போட்டுப் பண்ணியிருக்கான் பாரு! தெரியாம பட்ட காலா அது?

அந்தச் சுத்துல ஒருத்தனுமே ஒழுங்கா வாசிக்கல கண்ணு. டெஸ்மண்ட் வரவர முணுமுணுன்னு பாட ஆரம்பிச்சான். சேது கிட்டார எலி பறண்டற மாதிரி வாசிக்கறான். அவ்வளவு ஏன், என்ற ட்ரம்மே மொத்து மொத்துன்னு கெடந்துச்சு. பனியில தோலு தொங்கிருச்சுன்னு கிளப்பு சமையக்கட்டுக்குத் தூக்கிட்டுப் போயி ரொட்டி அடுப்புல காட்டுவேன். பட்லரு ஒருத்தன், குசினிக்குள்ள ட்ரம்ம வெச்சா சூப்பு கெட்டுப் போயிரும்னு என்ற கூட ஒரே சண்டை. சூப்புக்கும் ட்ரம்முக்கும் என்னடா சம்பந்தம்னா, "உன் ட்ரம்ம மொதல்ல தூக்கு, வந்த நாள்ல இருந்து என் பாத்திரமெல்லாம் ஆடுது"ங்கறான். நான் அடிக்கறது எனக்கே கேக்கல, அவன் பாத்திரம் ஆடுதாம். காஞ்சது போதலேன்னு இன்னும் இறுக்குனேன், இறுக்குனேன், ஒரு நாள் தோலு கிழிஞ்சே போச்சு. எல்லாம் பனி. மலைப் பனி ரொம்பப் பொல்லாதது.

கோத்தகிரியில பொறுமை போயிருச்சு. பகல்ல ஒத்திகை. காலத் தூக்கி வெச்சான். நான் குச்சிய வீசிட்டு எந்திரிச்சுட்டேன். "டெஸ்மண்டு, ஒண்ணு இவன் இருக்கட்டும், இல்ல நான் இருக்கறேன். ஷூ காலோட என்ற ஸ்டூல மிதிக்கறவன் கூட நான் வாசிக்க மாட்டேன்."

டெஸ்மண்ட் அவனப் பாத்து, "என்னா மேன் இது? ஏன் கால வெக்கறே?"ன்னான்.

இன்பராஜ் என்னயப் பாத்தான். அப்பறம் டெஸ்மண்டப் பாத்தான். வாயத் தொறக்கற மாதிரி தொறந்தான், மூடிக்கிட்டான். "பழக்கமாப் போச்சு டெஸ்மண்டு"ங்கறான்.

"அப்ப அந்தப் பழக்கத்த விடு மேன்."

"விட முடியாது"ங்கறான்! திமிரப் பாத்தியா? விட முடியாதாம்! சேது இருந்துக்கிட்டு, "டேய் இன்பா, மன்னிப்புக் கேட்டுட்டு வேலையப் பாருடா, குன்னூர் முடியட்டும்டா"ங்கறான். இவன் கிட்டாரப் பெட்டியில வெச்சுப் பூட்டறான். போறப்ப என்கிட்ட வந்து, கிட்ட வந்து, என்ற வலது பக்கமா வந்து நின்னு, "எஸ்தர், கண்ண மூடிக்கிட்டு வாசிக்காத. டெஸ்மண்டோட தோளப் பாத்துக்கிட்டே வாசி. கட்டுக்கு முன்னாடி அவன் தோளத் தூக்குவான்"னான்.

எனக்குச் சொல்லித் தர்றான்! கடியாரத்துக்கு! "நீ ஒண்ணும் கிழிக்க வேண்டாம், போடா"ன்னேன். போயிட்டான். பெப்பர்மிண்ட் பொட்டலம் ஸ்டூலு மேல இருந்துச்சு. வீசியெறிஞ்சிருக்கணும். காசு குடுத்து வாங்குன பண்டத்த எதுக்கு எறியறதுன்னு வெச்சுக்கிட்டேன்.

என்ன கண்ணு? என்னமோ சொல்ற, சத்தமாச் சொல்லு. இந்த பஸ்சு எஞ்சின் வேற. ஆங், குன்னூர்ல என்ன ஆச்சா? சொல்றேன்.

குன்னூர்ல ஓட்டல்காரரு முன் வரிசையில உக்காந்திருக்காரு. வெள்ளைக் கோட்டு. நான் ஸ்டூலத் துடைச்சுட்டு உக்காந்தேன். எந்தக் காலும் இல்ல, நிம்மதி. கண்ண மூடிக்கிட்டேன். யார் தோளையும் பாக்கற அவசியம் எனக்கில்ல. வாசிச்சேன் பாரு கண்ணு, அந்த மாதிரி என்ற ஜென்மத்துல வாசிச்சதில்ல. வாசிக்கறேன், வாசிக்கறேன், கை தானாப் போகுது. சிரிப்புச் சத்தம் மாதிரி என்னமோ வந்துச்சு. கண்ணத் தொறந்து பாக்கறேன்.

எல்லாரும் நின்னுட்டு இருக்கானுக. டெஸ்மண்ட் மைக்க விட்டுட்டுத் திரும்பி என்னயப் பாத்துக்கிட்டு இருக்கான். சேது கிட்டாரு மேல கைய வெச்சு அமுக்கிக்கிட்டு நிக்கறான். பாட்டு முடிஞ்சு போச்சாம். எப்பவோ முடிஞ்சு போச்சாம். நான் ஒருத்தி மட்டும் தனியா அடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். ஆடிக்கிட்டு இருந்த தொரைசானிங்க வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கறாளுக. அந்தக் கெழவி மட்டும் சிரிக்கல. காதுல வெச்ச பஞ்ச எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு என்னயே பாக்குது.

புரியுதா உனக்கு? கூட்டுச் சதி. இன்பராஜ் போறப்பவே சொல்லிட்டுப் போயிருக்கான், பாதியில நிறுத்தி அவள அசிங்கப்படுத்துங்கடான்னு. வேற என்ன? நிறுத்துனா எனக்குக் கேக்காதா? நீயே சொல்லு. பக்கத்துல நாலு ஸ்பீக்கரு அலறுனது நின்னு போச்சுன்னா ஒரு மனுசிக்குத் தெரியாதா?

ஓட்டல்காரரு மத்தவங்கள எடுத்துக்கிட்டாரு. ட்ரம்ஸுக்கு மெட்ராஸ்ல ஒரு தாடிக்காரன் இருக்கான்னாரு. டெஸ்மண்ட் என்கிட்ட வந்து நிமிந்து பாக்காம, "நீ வீட்டுக்குப் போ எஸ்தர். டாக்டரப் பாரு"ன்னான். டாக்டர எதுக்குப் பாக்கணும்? ரத்தமா வந்துச்சு? நான் மலை எறங்கி வந்தேன். கீழ வந்தாக் காது தொறந்துக்கும்னு பாத்தேன். அந்தத் தடவை ரொம்ப நாளு எடுத்துக்கிச்சு. அப்பறம் கூட்ஸ் கார்டக் கட்டி வெச்சாங்க. ட்ரம்ஸு அம்மா வீட்டுப் பரண்ல எலி தின்னு போச்சு. அதுக்கப்பறம் ஒரு தகர டப்பாவுல கூட நான் தாளம் போட்டதில்ல. என்ற பையனுக்கே நான் வாசிப்பேன்னு அவன் கல்யாணத்துக்கு அப்பறம்தான் தெரியும்.

இன்பராஜ் மெட்ராசும் போகல, ஊருக்கும் வரல. குன்னூர்லயே ஒரு ஸ்கூல்ல பாட்டு வாத்தியாரா ஒட்டிக்கிட்டான். இப்ப அவன் பொண்டாட்டி மருமககிட்டப் போன்ல என்ன கதை சொல்லுச்சு தெரியுமா? எனக்கு அப்பவே காது போயிருச்சாம். இவனுக்கு மட்டும்தான் தெரியுமாம். டெஸ்மண்டுக்குத் தெரிஞ்சா என்னய அனுப்பிச்சிருவான்னு, யாருக்கும் சொல்லாம காலால எனக்குத் தாளம் சொன்னானாம். ஸ்டூலு வழியா. என்ன ஒரு ஜோடனை பாரு! மருமக இதச் சொல்லிட்டு அழுவறா. டிவி பாத்து டிவி பாத்து இவளுக்கு எதக் கேட்டாலும் அழுவை.

நான் கேட்டேன், "அப்படின்னா அவன் அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? வாய் இல்லையா?" அதுக்கு இவ, "அத்தை, இப்பவும் படுத்துக்கிட்டு கட்டில் கால்ல காலத் தட்டிக்கிட்டே இருக்காராம்"ங்கறா. பாத்தியா? சாகக் கெடக்கறப்பக் கூட அந்தப் பழக்கம் போகல அயோக்கியனுக்கு!

காது போயிருந்தா நீ பேசறது எனக்குக் கேக்குமா? நீ இப்ப எவ்வளவு பேசுன, நான் ஒண்ணு விடாம பதில் சொல்லிக்கிட்டு வரல? சொல்லு. நீ கொஞ்சம் அடக்கமான பொண்ணு, அதிகம் பேசல, அது வேற. நல்ல பழக்கம்தான். ஆனா பாரு கண்ணு, நான் அவன் முன்னாடி போயி நிப்பேன். "எந்திரிச்சு உக்காருடா"ம்பேன். "என்ற ஸ்டூல எனக்கு இல்லாமப் பண்ணுனவனே, இப்பவாச்சும் வாயத் தொறந்து..."

ஏ, ஏ! என்ன கண்ணு, எதுக்கு என்ற காலப் போட்டுத் தட்டற? செருப்புக் காலால? இப்பத்தான் உனக்கு அவ்வளவு சொன்னேன், நீயுமா? எல்லாரும் எதுக்கு என்னயத் திரும்பிப் பாக்கறாங்க? அந்தக் கண்டக்டர் எதுக்கு அங்க நின்னுக்கிட்டு வாய வாய அசைக்கறான்?

குன்னூரா? வந்துருச்சா?

கூப்பிட்டியா? எப்பக் கூப்பிட்ட? நீ கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா? எல்லாரும் ஒரே மாதிரி. பைய எடுத்துக் குடு. அந்தப் பொட்டலத்தயும் எடு, அது பெப்பர்மிண்ட்டு, அவனுக்கு வாங்குனது. நகரு.

வாயத் தொறந்து சொல்றதுக்கு உங்களுக்கெல்லாம் என்னதான் கேடு?